உருக்குச் சட்டமும் உற்ற துணையும்

மேடு பள்ளம் அதிகமில்லாத யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே துவிச்சக்கரவண்டி ஓட்டிப் பழகிய நமக்கு, முன்னே ஒரு பற்சில்லும் பின்னே ஒரு பற்சில்லும் போதுமானவையாக இருந்தன. மலைநாட்டினர்க்கு அவை போதவில்லை. அக்குறையை நீக்குதற்குப் பிரான்சிலும் இத்தாலியிலும் சிலர் செய்த முயற்சியும், அதனை எதிர்த்து எழுந்த வாதமும், வண்டியின் வரலாற்றில் மட்டுமன்றி மனிதப் பண்பின் வரலாற்றிலும் இடம்பெறத் தக்கவை. கருவியின் துணையைக் கொள்வது ஒருவனது ஆற்றலுக்கு இழுக்காகுமா என்னும் வினாவே அவ்வாதத்தின் உயிர்நிலையாகும்.

முதற்கண் வண்டியின் அமைப்பை நோக்குவோம். இஃது ஒருவர் படைப்பன்று. சுவிற்சர்லாந்திலே பிறந்து மான்செஸ்ரரிலே தொழில் நடத்திய ஹான்ஸ் றெனோல்ட் 1880 இல் உருளைச் சங்கிலியை ஆக்கினார். 1885 இல் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராளி, பின்சில்லைச் சங்கிலியால் இயக்கும் 'றோவர்' வண்டியை வெளியிட்டார். 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து ஜோன் பொயிட் டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். இம்மூன்றும் ஒருங்கு கூடியபோதே நாம் அறிந்த வண்டி உருவாயிற்று.

சட்டத்தின் குழாய்களை மூட்டுகளுட் செருகிப் பித்தளையை உருக்கிப் பிணைத்தல் பழைய முறை. அவ்வெப்பத்தினால் குழாயின் முனைகள் வலுக்குன்றும். அதற்கஞ்சிக் குழாய் முழுவதையும் தடிப்பாக்கினால் வண்டி பாரமாகும். பேர்மிங்காமில் ஆணி செய்யும் குடும்பத்திலே வந்த அல்பிரட் றெயினோல்ட்ஸ் என்பவர், வெளிப்புறம் ஒரே அளவாக இருக்க, உட்புறத்தில் முனைகள் மட்டும் தடித்து நடுப்பகுதி மெலிந்த குழாயைச் செய்யும் முறைக்கு 1897 இல் உரிமை பெற்றார். வேண்டிய இடத்தில் வலிமையும் வேண்டாத இடத்தில் எளிமையும் அமைந்தன. 1935 இல் அந்நிறுவனம் மங்கனீசும் மொலித்தனமும் கலந்த '531' என்னும் உருக்குக் குழாயை வெளியிட்டது. வளைந்தால் நிமிர்த்தலாம், உடைந்த குழாயை அகற்றி வேறொன்றை இணைக்கலாம். உருக்குச் சட்டத்தை அன்பர்கள் இன்றும் விரும்புவதற்கு இதுவே தலையாய காரணம்.

இனி, வினாவிற்கு வருவோம். பிரான்சிலே சாந்தெத்தியன் நகரில் பட்டு வணிகராயிருந்தவர் போல் தெ விவி. 1853 இல் பிறந்த இவர், 'வெலோசியோ' என்னும் புனைபெயராலே பெரிதும் அறியப்பட்டார். 1887 இல் வண்டிக்கடை ஒன்றையும் வண்டியோட்டிகளுக்கான சஞ்சிகை ஒன்றையும் தொடங்கினார். அந்நகரத்தைச் சூழ்ந்த மலைவழிகளில் ஏறுங்கால் ஒரே பற்சில்லு பயன்படாமை கண்டு, பல பற்சில்லுகளையும், சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும் பொறிகளையும் இடைவிடாது சோதித்தார். தாம் கண்டவற்றை மறைத்து வைக்காது சஞ்சிகையிலே எழுதினார். வாசகர்கள் தத்தம் அனுபவங்களை எழுதி அனுப்பினர். இவ்வாறு ஊர் ஊராகச் சிதறியிருந்தோர் ஒரு சபையினர் போலாயினர். இவர் புலால் உண்ணாதவர், எளிய வாழ்வினர். வண்டியோட்டிகளுக்கு அவர் வகுத்த அறிவுரைகளுள், செருக்கினால் ஒருபோதும் மிதிக்கற்க என்பதும் ஒன்றாகும்.

மாற்றுக் கட்சியின் தலைவர், 1903 இல் 'தூர் த பிரான்ஸ்' என்னும் பெரும் போட்டியைத் தொடங்கிய ஹென்றி டெகிராஞ். பொறியின் சூழ்ச்சியினாலன்றித் தசையின் வலிமையினாலே வெல்லுதல் சிறப்பு என்பதும், கியர் மாற்றும் பொறி நாற்பத்தைந்து வயது கடந்தோர்க்கே உரியது என்பதும் அவர் கருத்து. ஆதலின் அவரது போட்டியிலே பந்தயக்காரர் அப்பொறியைப் பயன்படுத்த இயலவில்லை. பின்சில்லின் இருபுறமும் வெவ்வேறளவுடைய பற்சில்லுகளைப் பொருத்தி, மலையடியிலே வண்டியை விட்டிறங்கிச் சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டியே அவர்கள் ஏறினர்.

இவ்விருவரையும் நடுநிலையில் நின்று நோக்குதல் வேண்டும். டெகிராஞ் கூற்றிலும் ஓர் உண்மை உண்டு. யாவரும் ஒரே நிலையில் நின்றாலன்றிப் போட்டியில் வலியோன் யார் என அறிய இயலாது. ஆனால் வீதியிற் செல்வோர் யாவரும் பந்தயக்காரர் அல்லர். முதியோரும் மெலியோரும் மலையேறி மறுபுறத்துக் காட்சியைக் காணுதல் வேண்டுமென்றே வெலோசியோ விரும்பினார். 1922 தொடக்கம் அவர் பெயரால் ஆண்டுதோறும் அன்பர்கள் கூடி அம்மலைவழியில் ஏறும் விழா நடைபெற்றது. 1930 இல் ட்ராம் வண்டி மோதி அவர் இறந்தார். 1936 இல் டெகிராஞ் போட்டியின் பொறுப்பிலிருந்து விலக, 1937 இல் கியர் மாற்றிக்கு அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு வென்ற றொசே லபேபியின் வண்டியிலும் அது பொருத்தப்பட்டிருந்தது. பந்தயத் தலைவர் மறுத்ததை உல்லாசப் பயணிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணி வளர்த்தமையாலன்றோ இது கைகூடிற்று!

இத்தாலியிலும் இத்தகைய செய்தி ஒன்று வழங்குகின்றது. விச்சென்சா நகரத்துத் துல்லியோ கம்பாஞோலோ 1927 இல் குறோச்சே தௌனே மலைவழியிற் பந்தயமோடுகையில், கடுங்குளிரால் விரல்கள் விறைக்க, சில்லின் சிறகுபோன்ற நட்டுகளைக் கழற்ற மாட்டாது தோற்றாராம். இக்கதையின் நுட்பங்களை ஆய்வாளர் ஐயுறுவர். எனினும் அதன் பயனில் ஐயமில்லை. துளையுள்ள அச்சினூடே கம்பியைச் செலுத்தி, ஒரு நெம்பைத் திருப்பியவுடன் சில்லு கழலும் அமைப்பை அவர் ஆக்கினார். 1933 இல் நிறுவனமும் கண்டார்.

பாகங்கள் பெருகியபோது நாட்டுக்கு நாடு வேற்றுமையும் பெருகிற்று. மிதிகளைத் தாங்கும் நடு அச்சின் கிண்ணங்களுக்கு ஆங்கிலேயர் ஒரு புரி வைத்தனர், இத்தாலியர் வேறொன்று, பிரெஞ்சுக்காரர் மற்றொன்று. ஆங்கில வண்டியின் வலப்பக்கக் கிண்ணம் இடம்புரியாகத் திரும்பும். இத்தாலிய வண்டியிலோ இரண்டும் வலம்புரியே. இதனை அறியாது முறுக்குவோன் புரியைக் கெடுத்துக்கொள்வான். ஆகவே பழைய வண்டியைப் புதுக்குவோன் தனித்து நின்று ஒன்றும் செய்ய இயலாது. கிண்ணம் ஒருவரிடம் இருக்கும். அதற்குரிய சாவி வேறொருவரிடம் இருக்கும். முறையறிந்த முதியவர் மூன்றாமவராக இருப்பார். வேற்றுமையே நட்பிற்கு வித்தாயிற்று.

1990களில் அலுமினியமும் காபனும் பந்தய வண்டிகளை ஆட்கொண்டன. ஆயினும் 1997 இல் தொஸ்கானாவின் காயோலே ஊரில் ஜங்கார்லோ புறோச்சி 'லெறோயிக்கா' என்னும் பயணவிழாவைத் தொடங்கினார். தார் காணாத வெண்சரளை வீதிகளைக் காத்தலும் அவரது நோக்கமாகும். முதலாண்டில் வந்தோர் 92 பேர். பின்னர் ஆயிரக்கணக்கானோர் கூடினர். 1987 இலோ அதற்கு முன்னோ செய்யப்பட்ட பந்தய வண்டிகளுக்கே அங்கே முதலிடம். முந்துதல் அங்கு நோக்கமன்று. வழியில் ஒருவன் சங்கிலி அறுந்தால் மற்றவன் நின்று உதவுதலே சிறப்பு.

இதனை நாம் பிறர் கதையாக எண்ணவேண்டியதில்லை. 1990களில் எரிபொருள் தடைப்பட்ட காலத்திலே யாழ்ப்பாணத்து மக்கள் நோயாளரையும் விறகையும் நெல்மூட்டையையும் துவிச்சக்கரவண்டியிலேயே சுமந்தனர். அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கருவியின் துணையைக் கொள்வது இழுக்கன்று என்பதை அக்காலம் நமக்குக் கற்பித்தது. திருத்தத்தக்க பொருளும், திருத்தத் தெரிந்த கையும், கேளாமலே வந்து உதவும் அயலாரும் உள்ளவரை எம்மேடும் ஏறத்தக்கதே.