லைன் வீடுகளின் ஊர்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் குளிர்ந்த காற்றையும், வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் விட்டுப்போன விசாலமான பங்களாக்களையும், கிளப்பையும், கோல்ப் மைதானத்தையும் விஸ்தாரமாக வர்ணித்து, ‘சின்ன இங்கிலாந்து’ என்ற பழைய பட்டப்பெயரையும் தவறாமல் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவை யாவும் அங்கே இருந்தவைதாம். ஆயினும் அவை ஒரு சிலருக்கே உரியவை. சுரங்கத்தில் இறங்கி ஏறிய பெருந்திரளான ஜனங்கள் வாழ்ந்த இடத்துக்கு அவ்வூர்த் தமிழில் ‘லைன்’ என்று பெயர். தங்கவயலின் மெய்யான சரித்திரம் அந்த லைன் வீடுகளில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

அப்பிரதேசத்தில் பொன் கிடைத்த செய்தி வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதுமை அன்று. முற்காலத்தவர் கையுளி கொண்டு குடைந்த பழங்குழிகள் அங்கே முன்பே இருந்தன. நியூஸிலாந்து யுத்தத்தில் போரிட்டு ஓய்வுபெற்றுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870-களின் தொடக்கத்தில் மைசூர் அரசிடம் அநுமதி பெற்றுத் தோண்டிப் பார்த்து, கைப்பொருள் போதாமல் உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்க, 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகத்தை ஏற்ற பிறகே தொழில் காலூன்றிற்று. குழியை நோக்கி வந்த கூலிகளில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் முதலிய ஜில்லாக்களின் ஆதிதிராவிட மக்கள். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் சருகாய் உதிர்ந்த நினைவு அப்பொழுது ஆறவில்லை. நிலமற்றவனாகவும் பண்ணையாளாகவும் தலைமுறை தலைமுறையாக ஒருவன் வாசலில் கட்டுண்டு கிடந்தவனுக்கு, பூமியின் அடியில் உயிரைப் பணயம் வைத்தேனும் ரொக்கமாகக் கூலி வாங்கலாம் என்பது ஒருவகை விடுதலையாகவே தோன்றியிருக்க வேண்டும். கிராமத்தில் சேரி ஊருக்கு வெளியே இருந்தது. இங்கே லைனே ஊராயிற்று. இந்த வித்தியாசம் சிறியதன்று.

லைன் என்பது பெயருக்கேற்ப வரிசைதான். மூங்கில் தட்டியை நிறுத்தி, மண் பூசி, ஒன்றோடொன்று முதுகு ஒட்டினாற்போல் கட்டப்பட்ட குடிசைகள். ஆள் குனிந்து நுழைய வேண்டிய வாசல். சமையலும் படுக்கையும் பிரசவமும் மரணமும் ஒரே அறையில். பிற்காலத்தில் செங்கல்லும் ஓடும் தகரமும் வந்த போதிலும் வரிசையின் ஸ்வபாவம் மாறவில்லை. மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் என்று ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனித்தனி லைன்கள் குழிவாயை ஒட்டியே அமைந்தன. தொழிலாளியின் சௌகரியத்தை உத்தேசித்து அப்படி அமைத்தார்கள் என்று எண்ணுவது வெகுளித்தனம். சங்கு ஊதியவுடன் ஷிப்டுக்கு ஆள் வந்து நிற்க வேண்டும், பொன் கலந்த கல் ஒன்றேனும் மடியில் மறைந்து வெளியே போய்விடக் கூடாது என்ற இரண்டு கவலைகளே கம்பெனிக்கு இருந்தன. பொன் திருட்டைத் தடுக்க மைசூர் அரசு கடுமையான தனிச் சட்டமே இயற்றிக் கொடுத்தது. வீடு கம்பெனியுடையது, ஆகவே வேலை போனால் வீட்டின் மேல் உள்ள பாத்தியதையும் ஆட்டங்கண்டது.

1902-ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். அக்காலத்தில் உலகமே வியந்த காரியம் அது. ஜப்பானுக்கு அடுத்தபடி ஆசியாவில் மின்விளக்கு எரிந்த ஊர் எங்கள் ஊர் என்று தங்கவயல்காரர் இன்றும் பெருமை பேசுவதுண்டு. (இப்படிப் பெருமை பேசும் ஊர்கள் இந்தியாவில் வேறு சிலவும் உண்டு.) ஆனால் அந்த மின்சாரம் முதலில் போனது கல்லிடிக்கும் ஆலைக்கும், குழியின் கூண்டுக்கும், துரைமார் பங்களாவுக்கும்தான்; லைன்களில் வெகுகாலம் வரை மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஒரே கம்பியின் கீழ் இருளும் ஒளியும் அடுத்தடுத்து நின்ற காட்சியை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை.

இதைவிடக் கசப்பான விஷயம் ஒன்றுண்டு. பொன்னை உருக்கி வார்ப்பதற்கு உயர்ந்த இயந்திரங்களையெல்லாம் தருவித்த அந்த ஸ்தாபனம், லைன்வாசிகளுக்குக் கட்டிக் கொடுத்தது பொதுவான உலர் கழிப்பிடங்களை. அவற்றைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்யத் தனியே ஒரு வகுப்பாரை வேலைக்கு வைத்தது. கம்பெனி போய் அரசாங்கம் வந்த பிறகும், 1993-இல் சட்டம் இவ்வழக்கத்தைத் தடை செய்த பிறகும்கூட அது அங்கே உடனே ஒழியவில்லை. தோட்டித் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் தங்கவயலிலேயே 1966-இல் பிறந்த பெஜவாடா வில்சன் இந்த இழிவைக் கண்டு கொதித்துத் தொடங்கிய போராட்டமே பின்னர் தேசம் முழுவதும் பரவியது. 2016-இல் அவருக்கு மகசேசே விருதும் கிடைத்தது. சுரங்கத் தொழிலாளி ஆண்டையின் வாசலை விட்டு வந்தான். ஆனால் அவன் குடியேறிய லைனுக்குப் பின்புறத்திலேயே அவனுக்கும் கீழாக வேறொருவன் நிறுத்தப்பட்டிருந்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் பாதிதான்.

இத்தனை நெருக்கடியிலும் அம்மக்கள் உண்டாக்கிக் கொண்ட வாழ்வு ஆச்சரியமானது. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னைக்கு வெளியே வேரூன்றிய இடங்களில் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீபும் முக்கியமானவை. பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகை, அவர் 1914-இல் காலமான பின் தளர்ந்து போக, 1926 முதல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் அதை மறுபடி நடத்தினார். பாறைத்தூசி படிந்த கையோடு ஷிப்டு முடிந்து வந்து, தர்மம், சரித்திரம், சமத்துவம் பற்றிய கட்டுரைகளைப் படிக்கக் கேட்ட ஒரு சமூகத்தை, எழுத்தறியாத கூலிக்கூட்டம் என்று எண்ணிய துரைமார் எவ்வளவு தூரம் ஏமாந்தார்கள் என்பது 1930-இல் வெளிப்பட்டது. தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி கட்டளையிட்டபோது, சங்கமோ பெயர்பெற்ற தலைவரோ இல்லாமலேயே ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். கைரேகை குற்றவாளிக்கு உரியது என்பது அவர்கள் வாதம். சில வாரங்களில் கம்பெனி இறங்கி வந்தது. தலைவர் இல்லாத வேலைநிறுத்தம் எப்படி நடந்திருக்கும் என்பதை லைனின் அமைப்பே விளக்கும்: ஒரு தட்டிக்கு இப்பால் பேசுவது அப்பால் கேட்கும். காவலுக்கு வசதியாகக் கட்டியதே கலகத்துக்கும் வசதியாயிற்று. பின்னர் சங்கங்கள் பலமாக எழுந்தன. 1946 நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் இறந்தனர்.

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அவ்வாழத்தில் பாறையே தகிக்கும். அழுத்தம் தாளாமல் அது திடீரென்று வெடித்துச் சிதறும்போது மேலே லைன் வீடுகளில் அடுக்கிய பாத்திரங்கள் அதிரும். எந்தக் குழி, எந்த ஷிப்டு என்று தெரியும்வரை வீட்டுப் பெண்கள் வாசலிலேயே நிற்பார்கள். வெடியில் தப்பியவனை நுரையீரலில் படிந்த கல்தூசி மெல்லக் கொன்றது. அதே ஆழத்தை விஞ்ஞானிகள் வேறு விதமாகப் பயன்படுத்தி, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ துகளின் சுவடுகளை 1965-இல் அங்கே கண்டனர் என்பதும் அவ்வூருக்கு உரிய கீர்த்தியே.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் கைக்கு வந்து, பின்னர் மத்திய அரசுக்கு மாறி, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயர் பெற்று, பொன்னின் விலைக்கு மேல் செலவு ஏறிவிட்டது என்ற காரணத்தால் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றன; குழிகள் நிரம்பின; பூமி அதிர்வது மட்டும் நிற்கவில்லை. லைன்காரர் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போய்விடவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் ஏறி, 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் கடைவேலைக்கும் சென்று இரவில் திரும்புகிற ஆயிரக்கணக்கானோருக்கு, அந்த நகரத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுப்பது கட்டுபடியாகாது என்பது ஒரு காரணம். நான்கு தலைமுறையாகப் பழகிய அண்டை வீட்டாரைப் பெங்களூரில் காண முடியாது என்பது மற்றொன்று. பிரயாணத்திலேயே நாளின் கால்பங்கு கழிகிறது.

பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவுமண், ‘சயனைடு மேடு’ என்ற பெயரோடு, லைன்களுக்கு நடுவே குன்றுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசி சோற்றுப் பானை வரை வருகிறது. சினிமாக்காரர் அம்மேடுகளைப் பாலைவனமாகக் காட்டிப் படமெடுத்துச் செல்கிறார்கள். அம்மண்ணில் இன்னும் பொன் எஞ்சியிருக்கிறது என்பதால், 13 மேடுகளை மறுபடி கழுவும் யோசனைக்குக் கர்நாடக அரசு 2024-இல் சம்மதம் தெரிவித்தது. மேட்டின் மண்ணில் டன்னுக்கு எத்தனை கிராம் என்று கணக்குப் போடத் தெரிந்த சர்க்காரிடம், பூச்சு உதிர்ந்த சுவரைத் தம் கைக்காசில் செப்பனிட்டு, முன்புறம் ஓர் அறையும் இழுத்துக் கட்டிக்கொண்டு வாழும் பழைய தொழிலாளிகள் வருஷக்கணக்காகக் கேட்டு வந்தது, தாங்கள் குடியிருக்கும் வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்கும்படிதான்.