வாராந்திர இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டம்

வாராந்திர இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டம் என்பது வளரிளம் பருவத்தினரின் இரத்தசோகையைத் தடுக்க இந்திய நடுவண் அரசு 2012-ஆம் ஆண்டில் வகுத்த திட்டமாகும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயில்வோருக்கு வாரம் ஒரு நீலநிற மாத்திரை வழங்கப்படுகிறது. இதிலுள்ள இரும்பு தொடக்கத்தில் 100 மில்லிகிராமாக இருந்தது. 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் 60 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

வெறும் வயிற்றில் உட்கொண்டால் குமட்டலும் வயிற்றுவலியும் உண்டாகலாம் என்பதால் மதிய உணவுக்குப் பின்னரே இது தரப்படுகிறது. மலம் கறுப்பாவது இயல்பே.

மாத்திரையை ஆசிரியரின் முன்னிலையிலேயே விழுங்க வேண்டும் என்பது முதன்மையான விதி. இது வெறும் சடங்கன்று. அளவுக்கு மிஞ்சிய இரும்பு குடலையும் கல்லீரலையும் சிதைக்கும். 2023 மார்ச்சில் உதகமண்டலப் பள்ளியொன்றில் மாணவர் சிலர் தமக்குள் போட்டியிட்டு இம்மாத்திரைகளை ஏராளமாக விழுங்கினர். அவர்களுள் 13 வயதுச் சிறுமி ஒருவர் கல்லீரல் பாதிக்கப்பட்டு இறந்தார்.