புலம்பன் ஆண்ட கரை

திருகோணமலைத் துறைமுகத்தின் பழைய கதையை எழுதுகிறவர்கள் கோணேசர் கோயிலிலோ கோட்டையிலோ தொடங்குவார்கள். நான் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். எனக்கு அந்தக் கதை 'புறுபுறுப்பு' என்ற சொல்லில் தொடங்குகிறது.

யாருக்கும் நேரே சொல்லாமல், ஆனால் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி குறை சொன்னால் அது புறுபுறுப்பு. காய்ச்சல்காரர் அனுங்குவார். இனிப்புக் கேட்கும் பிள்ளை சிணுங்கும். சொன்னதையே சொன்னால் தொணதொணப்பு. ஒரு வேலையை மனமில்லாமல் செய்தால், "ஏன் மூக்கால அழுறாய்?" என்பார் என் அம்மம்மா. குரல் மேலேறிக் கூர்ந்தால் கீச்சுக்குரல். அதற்கும் மேலே போனால் குளறல்.

இந்தக் குடும்பத்தில் மூத்த சொல் புலம்பல். இன்று அது ஏளனம். சங்கப் பாடல்களில் அப்படியில்லை. அங்கே புலம்பு என்றால் தனிமை, தனிமையின் துயர். கடற்கரைக்கும் அதே பெயர் உண்டு. அதனால்தான் நெய்தல் நிலத் தலைவன் சேர்ப்பன், துறைவன் என்பதோடு புலம்பன் என்றும் அழைக்கப்பட்டான். நெய்தலின் உரிப்பொருளே இரங்கல். அந்நிலத்துக்குரிய யாழ் விளரி. ஏழிசையில் ஆறாவதாக வருவதும் அதே பெயர்தான். எங்கள் இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடைய விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லில் இந்தச் சுரங்களையெல்லாம் கணக்கிட்டு ஆராய்ந்தார். துயரக் குரலுக்குத் தனிப் பண்ணே வகுத்து வைத்திருந்த மொழி இது.

பிறகு என்ன நடந்தது? ஒப்பாரியைப் பாருங்கள். செத்த வீட்டில் பெண்கள் சுற்றியிருந்து, இறந்தவரை முன்னிலைப்படுத்திச் சொல்லி அழும் முறை அது. அழுகையினூடே சீதனக் கணக்கு வரும், மாமியார் செய்த கொடுமை வரும், எட்டிப் பார்க்காத அண்ணன்மார் வருவார்கள். மற்ற நாளில் வாய் திறக்க முடியாதவள் அன்றைக்கு ஊர் முன்னால் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டலாம். யாரும் தடுக்க முடியாது. அந்த ஒப்பாரியும் பிலாக்கணமும் இன்று சலிப்பின் பெயர்கள். தமிழ்நாட்டில் 1876-78இல் தாது வருடப் பஞ்சம் வந்தபோது, பட்டினியைப் பாடிய கும்மிகள் அச்சேறின. இப்போது கைமாற்றுக் கேட்டு வருபவரிடம் "பஞ்சப்பாட்டுப் பாடாதே" என்கிறோம்.

எல்லா உரத்த குரலுக்கும் இந்தக் கதி நேரவில்லை. நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும்போது ஒருவர் உச்சக்குரலில் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடுவதற்கு அம்பா என்று மதிப்பான பெயர் உண்டு. உழைப்பின் நோவும் கேலியும் அதில் கலந்திருக்கும். அதை யாரும் புறுபுறுப்பு என்பதில்லை. மீனை ஏலம் கூறுகிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அது தொழில். அதே கரையில் கருவாடு விற்கும் பெண் விலைக்காகக் குரலை உயர்த்தினால் "வாய்க்காரி" என்று பெயர் வந்துவிடும். கீச்சு என்ற பழியும் பெரும்பாலும் பெண்ணுக்கும் பிள்ளைக்குமே ஒட்டுகிறது.

தமிழ்நாட்டார் 'புகார்' என்பதை இலங்கையில் நாங்கள் 'முறைப்பாடு' என்கிறோம். முறை என்றால் நீதி. பொலிஸ் நிலையத்தில் எழுதிப் பதிந்தால் அழுத கண்ணீரும் முறைப்பாடாகிவிடும். வாசலில் நின்று சொன்னால் அது கத்தல்தான். எழுதிக்கொள்ள ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் வித்தியாசம்.

காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் அமர்ந்தார்கள், திருகோணமலையிலும் அமர்ந்தார்கள். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக் கதறும் தாயின் குரலை ஒப்பாரி என்கிறவருக்கு அழுகை மட்டும் கேட்டிருக்கிறது. அவள் கேட்டதோ ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இருக்கும்வரை அதன் பெயர் முறைப்பாடு.