கூலி: ஆளைத் தொலைத்த சொல்

பிரிக்பீல்ட்ஸ் நகைக்கடையில் சங்கிலி வாங்குகிறவர் “செய்கூலி எவ்வளவு?” என்று கேட்பார். கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர் தையல் கூலியைப் பேரம் பேசுவார். யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே சொல்லால் ஒரு மனிதரை “ஏ கூலி!” என்று அழைத்துப் பாருங்கள், கைகலப்பே வந்துவிடும். ஒரே சொல், ஒரே உச்சரிப்பு. ஒன்று கணக்கு, மற்றொன்று வசை. இது எப்படி நேர்ந்தது?

தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். திருவள்ளுவர் 619ஆம் குறளில், உடல் வருந்தி முயன்றவருக்குக் கிடைக்கும் பயனைக் குறிக்க இச்சொல்லைத்தான் ஆள்கிறார். அங்கே அது பெருமைக்குரிய சொல். நாட்கூலி, வண்டிக்கூலி, குத்தகைக்கூலி என எதைச் சொன்னாலும் அது பணத்தையோ நெல்லையோதான் குறித்தது. உழைப்பவரைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள் என்றோ கூலிக்காரர் என்றோ சொன்னார்கள். ஊதியம் வேறு, ஆள் வேறு என்ற தெளிவு அந்தச் சொல்லமைப்பிலேயே இருந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இந்தியக் கரைகளுக்கு வந்தார்கள். சுமை தூக்குவோரை அவர்கள் ‘கூலே’ என்றார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் ‘கூலி’ என்றும் டச்சுக்காரர்கள் ‘கூலீ’ என்றும் எழுதினார்கள். இந்தச் சொல் தமிழிலிருந்துதான் போனதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குஜராத் பக்கம் ‘கோலி’ என்றொரு சமூகத்தார் இருக்கிறார்கள். அவர்கள் பெயரே மூலம் என்பது ஒரு சாரார் வாதம். அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல்லோடும் சிலர் தொடர்பு காட்டினர். 1886இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ இந்த விவாதத்தை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. மேற்குக் கரையில் காதில் விழுந்த கோலியும், சோழமண்டலக் கரையில் காதில் விழுந்த கூலியும் ஒன்றோடொன்று கலந்திருக்கவும் கூடும்.

மூலம் எதுவானாலும், கப்பலேறிய பிறகு நடந்தது ஒன்றுதான். கூலியாள் என்ற சொல்லிலிருந்து ‘ஆள்’ கழன்று விழுந்தது. ஊதியத்தின் பெயரே உழைப்பவரின் பெயராயிற்று.

அதன் பிறகு அச்சொல் போன இடமெல்லாம் ஒவ்வொரு முகம் பூண்டது. 1847 முதல் சீனத் தொழிலாளர்கள் ஏராளமாகக் கொண்டு செல்லப்பட்ட கியூபாவில், ஸ்பானியர் வாயில் ‘குலி’ என்றால் சீனர். 1845இல் முதல் இந்தியக் கப்பலைக் கண்ட டிரினிடாட்டில் கூலி என்றால் இந்தியர். 1860இல் சென்னையிலிருந்து ‘டுரூரோ’ கப்பல் போய்ச் சேர்ந்த தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் மீது வீசப்பட்ட இழிசொல். காந்தியடிகளையே அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். நமக்கு எதிர்க்கரையான சுமத்ராவின் டெலி பகுதியில், டச்சு அரசு 1880இல் ‘கூலிச் சட்டம்’ என்றே ஒரு சட்டம் இயற்றியது. ஒப்பந்தத்தை மீறி ஓடிய தொழிலாளியைக் குற்றவாளியாகத் தண்டிக்க அது வழிசெய்தது. சீனர்களோ அச்சொல்லின் ஒலிக்கேற்ப ‘கசப்பு’, ‘வலிமை’ என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ‘கு-லி’ என எழுதிக்கொண்டார்கள்.

ஜெர்மன் மொழியில்தான் வேடிக்கை. அங்கே ‘கூலி’ என்றால் பாரந்தூக்கும் தொழிலாளி மட்டுமல்ல, பந்துமுனைப் பேனாவும்தான். அப்பேனாவின் நீண்ட ஜெர்மன் பெயரைச் சுருக்கியதால் வந்த வழக்கு அது. ஆனால் அதற்கும் முன்பே, 1928இல், ஹம்பர்க் நகரில் ‘டின்டன்கூலி’ என்ற பேனா விற்பனைக்கு வந்துவிட்டது. பொருள், ‘மைக் கூலி’. சலிக்காமல் உழைக்கும் கருவிக்கு மனிதர்களை இழிவாகக் குறித்த சொல்லையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

மலாயாவுக்கு அச்சொல் ஆங்கிலத்தின் வழியே, உருமாறித் திரும்பி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பாட்டாளிகள் தங்கள் சொந்தச் சொல்லையே வசவாகக் கேட்டார்கள். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் ‘கூலி லயன்’ ஆயின. தோட்டக் கணக்கில் அவர்கள் கூலிகள். ஒப்பந்தத் தொழிலாளர் முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. சட்டம் மாறினாலும் அழைக்கும் பெயர் மாறவில்லை.

இந்தக் கதையின் முக்கியமான கட்டம் கிள்ளானில் நிகழ்ந்தது. 1941இல் அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர் ஆர்.எச்.நாதன் அவர்களுக்குத் துணை நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவையும் பட்டியலில் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்பது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, இராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள்.

சம்பளக் கோரிக்கை கூலிக்கான போராட்டம். சைக்கிள் கோரிக்கையோ, கழன்று விழுந்த அந்த ‘ஆளை’ மீட்பதற்கான போராட்டம். காசை மட்டும் கேட்டிருந்தால் ஐந்து பத்துக் காசு கூட்டிக் கொடுத்து முடித்திருப்பார்கள். மனிதராக மதிக்கச் சொன்னதுதான் துரைமார்களுக்குப் பொறுக்கவில்லை.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சாலை போடவும் மாடி கட்டவும் வேறு நாடுகளிலிருந்து ஏழைகள் வந்து வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரை நம் வீட்டுப் பிள்ளை ஏளனமாக ‘கூலி’ என்று சொன்னால், பாட்டன் சைக்கிளை விட்டு இறங்க மறுத்த கதையை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். கூலி என்பது கொடுக்கப்பட வேண்டிய ஊதியம். எந்த மனிதருக்கும் அது பெயரல்ல.