நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மருத்துவரைத் தேர்ந்தவர் யார்?

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டங்களில் நோயாளி தன் மருத்துவரைத் தானே தேர்ந்துகொண்ட வழக்கம் இருந்ததில்லை. வைத்தியம் பார்ப்பவர் யார், எங்கே படுக்க வேண்டும், எந்த நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பவற்றைச் சட்டமும் தோட்ட நிர்வாகியான துரையும் மருத்துவ உதவியாளரான டிரசரும் தீர்மானித்தார்கள். அந்தத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை போன்ற ஒன்றுக்கு சர்ஜனைத் தாங்களே விசாரித்துத் தேட வேண்டியிருக்கிறது. இது அவர்களின் குடும்பங்களுக்கு முன் பழக்கமில்லாத பொறுப்பு.

செரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது. ரந்தாவ் அருகிலுள்ள லின்சம் போன்ற பழைய தோட்டங்கள் முதலில் காப்பி பயிரிட்டவை. 1905க்குப் பின் ரப்பர் விலை ஏறியதும் சிலியாவ், லாபு, லிங்கி என்று குன்றுகளெல்லாம் வெட்டுக்காடாயின. கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார்கள். வந்தவர்களை முதலில் அடித்தது காய்ச்சல். காட்டை அழித்ததால் வெயில் பட்ட தெளிந்த மலையோடைகளில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு பெருகியது. சதுப்பு நிலத்தை வடிகட்டினால் காய்ச்சல் ஒழியும் என்ற கடலோர அனுபவம் இந்த மேட்டு நிலத்தில் பலிக்கவில்லை. கிள்ளான் வட்டாரத்தில் பணியாற்றிய மால்கம் வாட்சன் இந்த வேறுபாட்டை விளக்கிய பிறகுதான் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே விடுவதும், நீரில் எண்ணெய் தெளிப்பதும் வழக்கத்துக்கு வந்தன. நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேரில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளர் உடல்நலப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆள் செத்தால் முதலும் சாகும் என்ற கணக்கு அதில் இருந்ததை மறைப்பதற்கில்லை.

இப்படித் தோட்டத்து ஆஸ்பத்திரி பிறந்தது. பெரிய தோட்டம் தனக்கென்று ஒன்றைக் கட்டியது. சிறிய தோட்டங்கள் சில சேர்ந்து பொது ஆஸ்பத்திரி ஒன்றை நடத்தின. பட்டம் பெற்ற மருத்துவர் குறித்த நாளில் மட்டும் வந்து போவார். அன்றாட ஆட்சி டிரசருடையது. பிற்காலத்தில் இவரை 'எச்.ஏ.' (ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட்) என்றார்கள். யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இந்த வேலையில் நிறைய இருந்தார்கள். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் காய்ச்சலுக்கான கொய்னா கொடுப்பது, லயங்களையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையையும் சுற்றிப் பார்ப்பது, கத்தி வெட்டுக்குத் தையல் போடுவது, பிரசவத்துக்கு ஓடுவது எல்லாம் அவர் தலையில். ஆழமான காயமோ வயிற்றைத் திறக்க வேண்டிய நோயோ என்றால் செரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். நோய் என்று வீட்டில் இருக்க அவருடைய சீட்டு வேண்டும். சீட்டில்லாதவர் வேலைக்கு வராதவர். ஒரே ஆளிடம் மருந்தும் கூலியும் கட்டுண்டிருந்ததால், அவரைப் பிடிக்காதவர்களுக்கு மாற்றுவழி கோயில் பூசாரியும் நாட்டு மருத்துவச்சியும்தான். அப்படியிருந்தும் நல்ல டிரசரைத் தோட்டமே கொண்டாடியது.

இந்த மாநிலத்து மருத்துவ வரலாற்றில் உலகம் கவனித்த அத்தியாயம் பெரிபெரி. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று போகும் இந்த நோய் ஈயச் சுரங்கச் சீனரை வாரிக்கொண்டு போனது. தமிழரைப் பெரும்பாலும் தொடவில்லை. மாநில சர்ஜனாக இருந்த டபிள்யூ.எல். பிராடன், சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி என்பதைப் பிடித்துக்கொண்டு 1907இல் நூல் எழுதினார். பழைய பச்சரிசியில் நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது பிழை; கவனித்தது சரி. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜெலெபுவின் டுரியான் திப்புஸ் பக்கம் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவாத் தொழிலாளர் 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்தார்கள். பச்சரிசி உண்டவர்களிடம் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. 1909இல் முடிவு வெளியானது. தவிட்டோடு போன அந்தச் சத்துக்குத் தையமின் என்ற பெயரும் முழு வேதியியலும் பின்னால்தான் கிடைத்தன. 

போர்க்கால ஜப்பானியர் ஆட்சியில் அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சயாம் மரண ரயில்பாதை வேலைக்குத் தோட்டத்து ஆண்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1957 சுதந்திரத்துக்குப் பின் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டது. நீலாய், செனாவாங் பக்கம் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் எழுந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் ஒவ்வொன்றாக மூடின. மக்கள் பட்டணத்து கிளினிக்குக்குப் பழகினார்கள்.

கூடவே நோயும் மாறியது. காலையில் 400, 500 மரம் சீவி, பால் வாளி சுமந்த உடலுக்கு ஏற்ற சோறும், கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும், நாற்காலி வேலைக்கு வந்த பிறகும் தட்டைவிட்டுப் போகவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பாதிப்பேருக்கு எடை மிகையாக இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடமே அது அதிகமாக இருந்தது, நீரிழிவும் அவ்வாறே. ஆசிய உடலில் குறைந்த எடையிலேயே நோய் பிடிப்பதால் மலேசியாவில் உடல் நிறைக் குறியீடு 27.5ஐத் தொட்டாலே பருமன் என்று கணக்கிடுகிறார்கள். ஆசியரிடம் அந்த அளவிலிருந்தே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் பன்னாட்டு சர்ஜன் சங்கங்களின் வழிகாட்டி கூறியது.

இந்த அறுவை சிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாயாக்குவது ஒரு முறை. சிறுகுடலைத் திருப்பி இணைக்கும் பைபாஸ் மற்றொன்று. இரண்டையும் பெரும்பாலும் சிறு துளைகள் இட்டு லேப்ராஸ்கோப்பி வழியே செய்கிறார்கள். சர்ஜனைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது தேசிய நிபுணர் பதிவேடு. 2012ஆம் ஆண்டு மருத்துவத் திருத்தச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அதில் பெயரில்லாதவர் நிபுணராகத் தொழில் செய்யக்கூடாது. ஆனால் பதிவேடு தகுதியைச் சொல்லும், பழக்கத்தைச் சொல்லாது. இதே சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார், கசிவும் ரத்தப்போக்கும் எத்தனை பேருக்கு நேர்ந்தன, இரவில் சிக்கல் வந்தால் யார் பார்ப்பார் என்று கேட்டே அறிய வேண்டும். கூச்சப்பட வேண்டிய கேள்விகள் அல்ல இவை. உணவியலாளரும் நீரிழிவு மருத்துவரும் மனநல ஆலோசகரும் உடன் இருக்கிறார்களா என்பது விளம்பரத்திலுள்ள முன்–பின் படங்களைவிட முக்கியம். சிகிச்சைக்குப் பிறகு வாந்தி நீடித்தால் சில வாரங்களிலேயே தையமின் தீர்ந்து பெரிபெரி வரக்கூடும். இரும்பு, பி12 குறைபாடுகள் மெல்ல வரும். ஆகவே ரத்தப் பரிசோதனையும் வைட்டமின் மாத்திரையும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை. அறுத்துவிட்டு அனுப்பிவிடும் இடம் மலிவானாலும் உதவாது.

அரசு ஆஸ்பத்திரியில் கட்டணம் மிகக் குறைவு, காத்திருப்பு நீளம், கத்தி பிடிப்பவரை நோயாளி குறிப்பிட்டுக் கேட்க முடிவது அரிது. தனியாரிடம் சர்ஜனைத் தேர்ந்துகொள்ளலாம், செலவு பல ஆயிரம் ரிங்கிட். பருமன் சிகிச்சையைக் காப்புறுதித் திட்டங்கள் பல ஏற்பதில்லை என்பதால் தொகை பெரும்பாலும் குடும்பத்தின் கையிலிருந்தே போகிறது.