ஆட்டமும் கூட்டமும் – 9: படிக்கட்டின் அடியில்

சென்ற வாரம் ரோம் நகரத்து ஒலிம்பிக் மைதானத்தில் நின்றிருந்தோம். 1979 அக்டோபர் 28. ரோமாவும் லாசியோவும் ஆடத் தொடங்கக்கூட இல்லை. ஒரு பக்கத்துக் கேலரியில் யாரோ கொளுத்திவிட்ட ராக்கெட், மைதானத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் மனைவியோடு இருந்த 33 வயது ரசிகரின் கண்ணில் பாய்ந்தது. நடுக்கடலில் தவிக்கும் கப்பல் உதவி கேட்டு விடுகிற வெளிச்சம் அது; ஃபிளேர் என்பார்கள். 14 ஆண்டுகள் கழித்து, 1993 நவம்பர் 17 அன்று, கார்டிஃப் நகரில் வேல்ஸ்–ருமேனியா ஆட்டத்தில் அப்படியொரு ராக்கெட் 67 வயது முதியவரைக் கொன்றது. இத்தனைக்கும் ஃபிளேர் வைத்துக்கொண்டு கால்பந்து மைதானத்துக்குள் நுழைய முயல்வதே குற்றம் என்று இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1986-இலேயே சட்டம் எழுதியாகிவிட்டது.

அது ரசிகர் கையில் இருந்த நெருப்பு. காவலர் கையில் இருந்த புகையைப் பார்க்க லிமாவுக்குப் போக வேண்டும்.

1964 மே 24, ஞாயிற்றுக்கிழமை. பெருவின் தலைநகரில் தேசிய மைதானம். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதி ஆட்டம், எதிரே அர்ஜென்டினா. சுமார் 53,000 பேர் கூடியிருந்தார்கள். அர்ஜென்டினா 1–0 என முன்னிலையில் இருந்தது; சில நிமிடங்களே பாக்கி. அர்ஜென்டினாவின் தடுப்பாட்டக்காரர் பந்தை ஓங்கி உதைக்க, பெருவின் லோபாத்தோன் காலைத் தூக்கி மறித்தார். காலில் பட்ட பந்து திரும்பி வலைக்குள் போனது. அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. உருகுவே நாட்டு நடுவர் பாசோஸ், அது ஃபவுல் என்று கோலை ரத்து செய்தார்.

ஒருவர் மைதானத்துக்குள் ஓடிவந்தார். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னொருவர் வந்தார். அவரைத் தடியால் அடித்தார்கள், உதைத்தார்கள், நாயை ஏவினார்கள். அன்று அரங்கில் இருந்த ரசிகர் ஹோசே சாலஸ் பிற்பாடு சொன்னது இதைத்தான்: சொந்த நாட்டுக் காவலர்களே அந்த மனிதரை எதிரியைப் போல அடித்ததைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் கோபம் வந்தது, தனக்கும் வந்தது. அவர் சொல்வதை நான் முழுவதும் நம்புகிறேன். கோல் போன வருத்தம் வீட்டுக்குப் போகும் வழியில் ஆறியிருக்கும். அந்த அடியைப் பார்த்தவர்களுக்கு ஆறவில்லை.

மேலும் சில பேர் உள்ளே குதித்தார்கள். மேலிருந்து கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. காவல்படைத் தளபதி ஹோர்கே தெ அசம்புஹா உத்தரவிட, கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வெடித்தன. குதித்தவர்கள் சில பேர். குண்டு விழுந்தது கேலரியில், குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில்.

அந்த மைதானத்தில் கேலரியிலிருந்து தெருவுக்கு இறங்கப் படிக்கட்டுகள் உண்டு, சுரங்கம் மாதிரி. கீழே இரும்பு ஷட்டர். அன்று அவை இறக்கிவிடப்பட்டிருந்தன. முதலில் இறங்கியவர்கள் ஷட்டரைப் பார்த்துத் திரும்பப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் புகை, அது ஒன்றுதான் தெரியும். ஆகவே இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மனித உடல்களின் அழுத்தம் தாங்காமல் ஷட்டர்கள் வெளிப்பக்கமாகப் பிய்ந்தன. அரசுக் கணக்கில் 328 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சு முட்டி. மைதானத்துக்குள் மடிந்தவர்கள் விழுந்துகிடந்த இடம் இந்தப் படிக்கட்டுகள்தான்.

வெளியே தெருக்களில் துப்பாக்கிச் சூடும் நடந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். விசாரித்த நீதிபதி பெஞ்சமின் காஸ்தன்யேதா, குண்டடிபட்டு இறந்தவர்கள் அந்த 328-இல் சேர்க்கப்படவில்லை என்று தம் அறிக்கையில் குற்றம் சாட்டினார். அசம்புஹாவுக்கு 30 மாதச் சிறை. மைதானத்தின் கொள்ளளவு 42,000 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது.

உலகம் அப்போதே படித்திருக்க வேண்டிய பாடம் இது. 2001 மே 9, கானாவின் அக்ரா. தோற்ற அணியின் ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்து எறிந்தார்கள், காவலர்கள் கேலரியை நோக்கிக் கண்ணீர்ப்புகை வீசினார்கள், கதவுகள் பூட்டியிருந்தன. 126 பேர். லிமாவின் பெயரை எடுத்துவிட்டு அக்ரா என்று எழுதினால் போதும்.

பிறகு இந்தோனேசியா. 2022 அக்டோபர் 1 இரவு, மலாங் நகரை அடுத்த கஞ்சுருஹான் மைதானம். அரேமா அணி பரம எதிரி பெர்செபாயாவிடம் 2–3 எனத் தோற்றது. எதிரணி ரசிகர்களை அன்று அனுமதிக்கவே இல்லை. அடித்துக்கொள்ள இரண்டு கட்சி கிடையாது. ஆட்டத்தைப் பகலில் வையுங்கள் என்று காவல்துறை கேட்டதும் நிராகரிக்கப்பட்டிருந்தது. தோல்விக்குப் பின் அரேமா ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்க, காவலர்கள் கண்ணீர்ப்புகையை எடுத்தார்கள். சுட்டவர்கள் 11 பேர். சுமார் 7 முறை சுட்டது தெற்குக் கேலரியை நோக்கி என்று தேசியக் காவல்துறைத் தலைவரே அறிவித்தார். 135 பேர் இறந்தார்கள். மைதானத்துக்குள் கூட்டத்தை அடக்கும் வாயு கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதியில் எழுதியே இருக்கிறது.

வழக்கில் காவல் அதிகாரி ஒருவரை விடுவித்த நீதிபதி சொன்ன காரணம், புகையைக் காற்று மேலே கொண்டுபோய்விட்டது, கேலரியைத் தொடவில்லை என்பது. பிள்ளையை இழந்த பெற்றோர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. எனக்கு அது சிறிய ஆறுதல்தான்.

அடுத்த வாரம் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்துக்குப் போவோம். 1989 ஏப்ரல் 15. அங்கே புகை இல்லை, ஃபிளேர் இல்லை. கம்பிவேலிக்குள் நசுங்கியவர்கள் ஏறித் தப்பப் பார்த்தபோது, கலகம் செய்யத்தான் குதிக்கிறார்கள் என்று நினைத்துக் காவலர்கள் சிலரைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள்.