உடனடி வெந்நீர்க் கருவி: நீரழுத்தமும் ஓட்டமும்

தொட்டியில் தேக்காமல் ஓடும் நீரையே சூடாக்கும் வீட்டுச் சாதனம். வழக்கில் இன்ஸ்டன்ட் கீசர். கொச்சியின் வைட்டிலா போன்ற பகுதிகளில் பெரும்பாலும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்தே குளியலறைக்கு நீர் இறங்குகிறது. 10 மீட்டர் உயரம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஷவருக்கு 2 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் 0.2 பார்தான். ஆகவே மேல்தளத்தில் ஓட்டம் குறைந்து, சூடாக்கலைத் தொடங்கிவைக்கும் ஓட்ட உணரி இயங்காமல், நீர் சூடாகாமலே வரக்கூடும். ஓட்டம் மிகுந்தாலும் சூடு குறையும்: 28 டிகிரி செல்சியஸ் நீரை 40 டிகிரிக்கு உயர்த்த, 3 கிலோவாட் கருவியால் நிமிடத்துக்குச் சுமார் 3.5 லிட்டரே இயலும்.

தீர்வு: முதலில் நுழைவாய் வடிகட்டியைக் கழற்றி மணலையும் துருவையும் கழுவ வேண்டும், ஷவர் துளைகளில் படிந்த உப்பை நீக்க வேண்டும். பிறகும் ஓட்டம் போதாவிட்டால் தொட்டியை உயர்த்தலாம், அல்லது பிரஷர் பம்ப் பொருத்தலாம். பம்பின் அழுத்தம் கருவியில் குறித்துள்ள உச்ச வரம்பைத் தாண்டக்கூடாது.